வாய்ஸ் மெசேஜா, வாய்ஸ் டைப்பிங்கா? வயது வந்தோருக்கு எழுத்து சொல்லித்தர எது உதவும்

2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், 15 வயதைத் தாண்டிய எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாடம் நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். வேலை முடிந்து, சமையல் முடிந்து வருகிறவர்களால் தினமும் வகுப்புக்கு வர முடியாது. வராத நாட்களில் படித்தது மறக்காமலிருக்க, கையிலுள்ள போனில் எதைப் பயன்படுத்தலாம்?

பலர் முதலில் நினைப்பது மீட், ஜூம் போன்ற நேரலை. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரம் ஒத்துவர வேண்டும், சிக்னலும் நிற்க வேண்டும். "அக்கா, மைக்கை ஆன் பண்ணுங்க" என்பதிலேயே கால்வாசி நேரம் போய்விடும். வாரம் ஒருமுறை முகம் பார்த்துப் பேச வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் அப்படியல்ல. இரவு பத்து மணிக்கும் கேட்கலாம், பத்து முறையும் கேட்கலாம். டேட்டாவும் அதிகம் தின்னாது. எனக்கு இதில் பிடித்தது, அனுப்புமுன் தன் குரலைத் தானே கேட்டுப் பார்க்கும் வசதி. நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்குக் கூச்சம் அதிகம். பதிவு செய்வார், கேட்பார், சரியில்லை என்று அழிப்பார், மறுபடி படிப்பார். நமக்கு வந்து சேருவது ஒரே பதிவு. அதற்குப் பின்னால் அவர் அதே வரியைப் பலமுறை படித்திருப்பார், அதுதானே பயிற்சி? நாம் அனுப்பியதை அவர் கேட்டாரா என்பதையும் நீலமாக மாறும் மைக் குறி காட்டிவிடும்.

குறைகளும் உண்டு. குரல் மட்டும் போனால் எழுத்து கண்ணில் படாது. அதனால் முதலில் பாடப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, அந்தப் படத்துக்கே 'ரிப்ளை' கொடுத்துக் குரலை அனுப்புங்கள். இரண்டும் ஒட்டியே இருக்கும். இன்னொன்று, வேகத்தை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு எனக் கூட்டத்தான் அதில் வழி, குறைக்க வழியில்லை. கற்பவருக்கு வேண்டியதோ நேர்மாறானது! பதிவு செய்யும்போதே நிறுத்தி நிதானமாகப் பேசுவதுதான் ஒரே வழி. அப்புறம், படித்துக் காட்டும் பதிவைக் குழுவில் போடச் சொல்லாதீர்கள். தனியாக வாங்குங்கள். குழுவில் மருமகளும் இருக்கக்கூடும்.

கூகுள் கீபோர்டின் வாய்ஸ் டைப்பிங் 2017-லேயே தமிழுக்கு வந்துவிட்டது. வகுப்புகளில் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை என்பது என் வருத்தம். தான் சொன்ன சொல் அப்படியே எழுத்தாகத் திரையில் விழுவதைப் பார்ப்பது புதிதாகக் கற்பவருக்குப் பெரிய தூண்டுதல். ஊர்ப்பெயர், பேரன் பெயர், கடைச் சாமான் பட்டியல் என்று சொல்லிப் பார்த்து, அதையே நோட்டில் எழுதலாம். ஆனால் உச்சரிப்பைச் சோதிக்க இதை நம்பக் கூடாது. 'பளம்' என்று சொன்னாலும் அது பெரும்பாலும் 'பழம்' என்றே எழுதிவிடும். பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிப்பதுதான் அதன் வேலை. பெயர்களைத் தப்பாக எழுதவும் செய்யும். அதனால் ஓரளவு எழுத்து தெரிந்த பிறகே இதைக் கொடுக்க வேண்டும். தொடக்கத்திலேயே கொடுத்தால், எழுதக் கற்பதற்கு வழியாக இல்லாமல், எழுதாமல் தப்பிக்க வழியாகிவிடும்.

கூகுளின் ரீட் அலாங் என்ற வாசிப்புப் பயிற்சிச் செயலி 2019-ல் போலோ என்ற பெயரில் வந்தது. தமிழ்க் கதைகளும் உண்டு. நாம் படிக்கப் படிக்கக் கேட்டு, தடுமாறினால் சொல்லித் தரும். கதையை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஆனால் அது குழந்தைகளுக்காகச் செய்தது. முயல் கதையைப் படித்து நட்சத்திரம் வாங்குவதில் ஐம்பது வயதுக்காரருக்கு என்ன ஆர்வம் வரும்? பேத்தியோடு உட்கார்ந்து படிப்பதானால் சரி, அப்போது இதைவிட நல்ல துணை இல்லை.

என் தேர்வு: முதல் சில மாதங்களுக்கு வாய்ஸ் மெசேஜ், கூட்டிப் படிக்க வந்தபின் அதனுடன் வாய்ஸ் டைப்பிங். போன் மகனுடையது என்றால் அவன் வீட்டிலிருக்கும் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டன் போன் மட்டும் வைத்திருப்பவருக்குச் சாதாரண அழைப்பே போதும். பக்க எண்ணைச் சொல்லி, புத்தகத்தை எடுத்து வைக்கச் சொல்லி, ஐந்து நிமிடம் படிக்கக் கேளுங்கள்.