பால்காரர் அப்பா, ஏரிக்குள் போன கார்: 'பாய்ஸ் லைஃப்' நாவல்

கொலைக் கதை என்று நினைத்துத்தான் வாங்கினேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்த பிரதி, எழுத்தெல்லாம் எறும்பு சைஸ், ஐந்நூறு பக்கத்துக்கு மேல். ராபர்ட் மெக்கம்மன் எழுதி 1991இல் வந்தது. இணையத்தில் தேடுபவர்கள் ஆசிரியர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், இல்லையென்றால் இதே பெயரில் முன்பு வந்துகொண்டிருந்த அமெரிக்க சாரணர் பத்திரிகைதான் வந்து நிற்கும்.

1964, அலபாமா மாநிலத்தில் ஜெஃபிர் என்ற கற்பனைச் சிற்றூர். கதை சொல்லும் பையன் கோரிக்கு அந்த வருஷம் பன்னிரண்டு வயது நிறைகிறது, அப்பா பால்காரர். பள்ளிக்கூடம் போகும் முன் அப்பாவோடு பால் வண்டியில் போகிறான். குளிர் இன்னும் விடவில்லை, இருட்டும் முழுசாகப் பிரியவில்லை, காட்டுப் பக்கமிருந்து ஒரு கார் பாய்ந்து வந்து இவர்கள் கண்ணெதிரே ஏரிக்குள் விழுகிறது. அப்பா யோசிக்காமல் குதிக்கிறார். உள்ளே இருப்பவன் ஏற்கெனவே பிணம், கை ஸ்டியரிங்கோடு சேர்த்து விலங்கிடப்பட்டிருக்கிறது, கழுத்தில் கம்பி இறுகியிருக்கிறது. பிணத்தை வெளியே எடுக்கும் முன் கார் மூழ்கிவிடுகிறது. ஏரியோ அடி காணாத ஆழம். ஊரில் யாரும் காணாமல் போகவும் இல்லை. பையனிடம் மிஞ்சுவது செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பச்சை இறகு மட்டும்.

இந்தத் தொடக்கத்தைப் படித்துவிட்டு யாராவது புத்தகத்தை மூடி வைத்தால் அவர்களை எனக்குப் புரியாது. ஆனால் அடுத்த நூறு பக்கத்தில் துப்பறிதல் எங்கே போனது என்றே தெரியாது. ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயத்துக்குள் குளவிக் கூட்டம், ஆற்றில் வாழும் பூதம், வெள்ளத்தில் அதோடு துடைப்பக் கட்டையால் மல்லுக்கட்டு, விளக்குக்குள் பொன்னிறக் கண் உள்ள சைக்கிள் என்று கதை தன் பாட்டுக்கு அலைகிறது. எது நிஜம், எது பையனின் கற்பனை என்று ஆசிரியர் சொல்வதே இல்லை. முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம்தான் பன்னிரண்டு வயதில் நமக்கும் இரண்டுக்கும் நடுவே கோடு கிடையாதே என்று பட்டது.

உண்மையான கதை அப்பாவுடையது. செத்தவனின் முகம் அவரை விடவில்லை. தூக்கம் போகிறது, உடம்பு இளைக்கிறது, ராத்திரி அம்மாவோடு அவர் தணிந்த குரலில் பேசுவதைப் பையன் கேட்டுவிடுகிறான். இதற்கு நடுவே ஊருக்கு சூப்பர் மார்க்கெட் வருகிறது, பிளாஸ்டிக் ஜாடியில் பால் விற்கிறது. கண்ணாடி பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுப் போகும் மனிதருக்கு இனி என்ன வேலை? கொலைகாரனைவிட அந்த ஜாடிதான் எனக்கு அதிகப் பயம் காட்டியது. அப்பாவும் உடைந்து போவார் என்று ஒரு பையன் தெரிந்துகொள்ளும் இடம் இது, அதை ஒரு வரிகூட விளக்காமல் எழுதியிருக்கிறார்.

நாய் அத்தியாயம் தனி. ரெபெல் காரில் அடிபடுகிறது, சாகக்கூடாது என்று கோரி வேண்டிக்கொள்கிறான், வேண்டுதல் பலிக்கிறது. பலித்ததுதான் கொடுமை. பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தேன், நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

குறைகளும் உண்டு. கறுப்பினத்தவர் வாழும் புரூட்டன் பகுதி, வெள்ளை இனவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானின் மிரட்டல் எல்லாம் கதைக்குள் வருகின்றன, 1964 அலபாமாவில் அது வராவிட்டால்தான் தப்பு. ஆனால் நூற்றாறு வயதான 'தி லேடி' என்ற கறுப்பினப் பெண்மணி, மாயசக்தியோடு வந்து வெள்ளைக்காரக் குடும்பத்தின் துயரத்தைத் தீர்த்து வைக்கும் பாட்டியாகவே பெரும்பாலும் நின்றுவிடுகிறார். அவருடைய துயரம் என்ன என்று நமக்கு அதிகம் தெரிவதில்லை. அப்புறம் மர்மத்தின் முடிவு: கொலைகாரர் யார் என்பதற்குத் தடயங்கள் நேர்மையாகத்தான் போடப்பட்டிருக்கின்றன, ஆனாலும் கடைசி ஐம்பது பக்கம் அவசர அவசரமாக வேறொரு புத்தகத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

ஆசிரியருக்கே இது தெரியும் என்று நினைக்கிறேன். ஊரில் அம்மணமாகவே திரியும் வெர்னன் என்ற பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவர் உண்டு. தன் ஊரைப் பற்றி ஆசையாக ஒரு நாவல் எழுதினார், பதிப்பகத்தார் 'நடுவில் ஒரு கொலை வையுங்கள், விற்கும்' என்றார்கள், வைத்தார், நாவல் கெட்டது. எழுத்தாளனாக ஆசைப்படும் கோரியிடம் அவர் இதைச் சொல்லும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

1992இல் உலக ஃபேண்டஸி விருது வாங்கிய நாவல். ஆங்கிலம் கடினமில்லை, நீளம்தான் சோதனை. வேகமான துப்பறியும் கதை வேண்டுமென்றால் இதைத் தொடவேண்டாம். அக்கா பையனுக்குப் பதின்மூன்று வயது, கேட்டான் என்று கொடுத்தேன். நாயைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். இரண்டு மாதமாகிறது, இன்னும் திருப்பித் தரவில்லை.