கட்டிலருகே வைக்க எந்த வேதாகமம்? பெரிய எழுத்துப் பதிப்புகள் பற்றி

நோயில் கிடக்கும் ஒருவருக்கு வேதாகமம் வேண்டும் என்று கேட்டால், கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது ஜிப் உறையும் ஓரத்தில் தங்கப்பூச்சும் உள்ள பதிப்பைத்தான். பரிசாகக் கொடுக்க அது அழகு. படுத்தபடி படிக்க உதவாது. 66 புத்தகங்களும் பெரிய எழுத்தில் ஒரே தொகுப்பாக வந்தால் எடை ஒரு கிலோவைத் தாண்டும். ட்ரிப்ஸ் ஏறும் கையால் அதைத் தூக்கிப் பிடிக்க முடியாது, நெஞ்சில் வைத்தால் மூச்சு முட்டும். ஜிப்பின் உலோகப் பல் தோலில் உரசும்.

அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். நடுவில் திறந்தால் சங்கீதம் என்ற ஜெபப் பாடல்களின் புத்தகம் வரும், அதில் 77ஆம் சங்கீதத்தை எடுங்கள். மொத்தம் 20 வசனம். பக்கம் திருப்பாமல் முழுவதும் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். இந்தச் சங்கீதத்தைச் சொல்லக் காரணம் உண்டு. முதல் பாதி முழுக்கப் புலம்பல். 7 முதல் 9 வரை ஆறு கேள்விகள், ‘தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?’ என்பது வரைக்கும் போகிறது. 10ஆம் வசனத்தில்தான் திருப்பம், 11இல் ‘கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன்’ என்று ஆரம்பிக்கிறது. கேள்வி ஒரு பக்கத்திலும் நினைவுகூருதல் மறுபக்கத்திலும் போய்விட்டால், களைத்துப்போன நோயாளி கேள்வியோடு புத்தகத்தை மூடிவிடுவார். இதனாலேயே திறந்த இரண்டு பக்கங்களுக்குள் முழுச் சங்கீதமும் தெரியும் பதிப்புக்கு முதலிடம் கொடுக்கலாம்.

எழுத்தின் அளவை அட்டையில் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முழங்கை மடக்கிய தூரத்தில், நோயாளி படிக்கும் அறையின் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ணகரமும் னகரமும் பிரிந்து தெரிந்தால் போதும். இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிட்ட பதிப்புகள் முதியவர்களுக்கு ஏற்றவையல்ல. மங்கலான மஞ்சள் விளக்கில் அந்தச் சிவப்பு தாளோடு கலந்துவிடும். தாளும் முக்கியம். மெல்லிய தாளில் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிந்தால் கண் சீக்கிரம் சோர்ந்துபோகும். பக்கத்துக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

புத்தகத்தின் பைண்டிங்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெறும் பசையில் ஒட்டிய புத்தகம் எப்போதும் நடுவிலேயே திறக்கப்படுவதால், சங்கீதம் இருக்கும் இடத்தில்தான் முதலில் பிளக்கும். முதுகின் மேல் நுனியைப் பாருங்கள். தாள்கள் சிறுசிறு மடிப்புகளாகச் சேர்ந்து, இடையில் நூல் தெரிந்தால் அது தையல் கட்டு. அது மேசையில் தானாக விரிந்து கிடக்கும். ஒவ்வொரு புத்தகத்தையும் சட்டென்று திறக்கப் பக்க ஓரத்தில் வெட்டியிருக்கும் தம்ப் இண்டெக்ஸ் தேவையில்லை, விரல் பட்டுப் பட்டு அந்த வெட்டுகளின் ஓரம் கிழியும். பக்க அடையாளத்துக்கு இரண்டு நாடா இருந்தால் நல்லது.

எடை பெரிய சிக்கலாக இருந்தால் புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டும் சேர்ந்த பதிப்பு கைக்கு அடங்கும். துன்பத்தைப் பேசும் யோபு, புலம்பல் என்ற இரண்டு புத்தகங்களும் அதில் இருக்காது என்பது உண்மையான குறை. புலம்பல் 3ஆம் அதிகாரத்தின் 19 முதல் 26 வரை ஒரு தாளில் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி உள்ளே செருகிக் கொடுங்கள். 22இல் தொடங்காதீர்கள். ‘நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே’ என்ற அந்த வரிக்கு முன்னால், எட்டியும் பிச்சும் போலக் கசக்கும் தவிப்பை நினைத்து நினைத்து ஆத்துமா முறிந்துபோகிறது என்று 19, 20 சொல்கின்றன. அந்த முறிவைச் சொன்ன வாய்தான் கிருபையையும் சொல்கிறது.

வாக்குத்தத்த அட்டைப் பெட்டியை நோயாளிக்கு வாங்க வேண்டாம் என்பதும் இதனால்தான். அதில் ஆறுதல் வரிகளை மட்டும் நறுக்கி வைத்திருப்பார்கள். ஸ்கேன் முடிவு வந்த அன்று காலையில் ‘பொல்லாப்பு உனக்கு நேரிடாது’ என்ற அட்டை கையில் வந்தால், தன் விசுவாசத்தில்தான் குறை என்று அவர் தன்னையே குத்திக்கொள்வார். 91ஆம் சங்கீதம் முழுவதாகப் படிக்க வேண்டியது. 15ஆம் வசனம் ‘ஆபத்தில் நானே அவனோடிருந்து’ என்கிறது. ஆபத்தே வராது என்று சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பில், மனப்பாடமாக இருப்பதையே கொடுங்கள். சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் வளர்ந்தவருக்கு ‘அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே’ (சங்கீதம் 103:2) என்ற பழைய மொழிபெயர்ப்புதான் நாவில் இருக்கும். கத்தோலிக்கர் வீட்டில் 1995இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு இருக்கும்; அங்கே அதே வரி ‘கனிவான செயல்கள் அனைத்தையும் மறவாதே’ என்று வருகிறது. வலியில் கண் பாதி எழுத்தைத்தான் பிடிக்கும், மீதியை ஞாபகம் நிரப்பும். புது நடையைப் பழக்க அது நேரமல்ல.

படிக்கவே முடியாத நாட்களுக்கு ஆடியோ. வேதாகமச் செயலியில் சங்கீதங்களை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள், வார்டில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். பின்னணி இசை உரத்து ஒலிக்கும் பதிவு வேண்டாம். ஒரு சங்கீதம் முடிந்ததும் நிற்கும்படி டைமர் வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி எதுவும் மனதில் தங்காது.

கடைசியாக, ஒரு சாதாரண ஹெச்பி பென்சில் வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள். ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் வேதாகமத் தாளில் மறுபக்கம் ஊறிவிடும். உதவி கிடைத்த நாளில் அந்த வசனத்தின் ஓரத்தில் தேதியும் ஒரே ஒரு சொல்லும் போதும்: ‘காய்ச்சல் விட்டது’ என்றுகூட வேண்டாம், ‘தூக்கம்’ என்றால் போதும். எதுவும் கிடைக்காத நாளில் 88ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் தேதியை மட்டும் போடலாம். இருளிலேயே முடிகிற சங்கீதம் அது, ஆனாலும் முதல் வரி ‘என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே’ என்றுதான் கூப்பிடுகிறது. எழுத முடியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதித் தரலாம், சொல்லை மட்டும் அவரிடமே கேளுங்கள்.