நாள்பட்ட வலிக்கு எந்த தெரபிஸ்ட்: சிபிடியா, ஆக்ட்டா?
3 மாதம் தாண்டியும் விடாத வலிக்கு மனநல தெரபிஸ்ட்டிடம் போவதால் உங்கள் வலி பொய் என்று ஆகிவிடாது, முதலில் இதை நம்புங்கள். சிபிடி (CBT), அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை, பயின்ற தெரபிஸ்ட் ‘இந்த முதுகு இனி தேறாது’ என்ற எண்ணம் எவ்வளவு சரி என்று உங்களோடு சேர்ந்து சோதிப்பார், அப்புறம் நல்ல நாளில் எல்லா வேலையையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுநாள் படுத்தே கிடக்கும் பழக்கத்தை மாற்றி, வலி ஏறும் முன்பே ஓய்வெடுக்கப் பழக்குவார். ஆக்ட் (ACT), அதாவது வலியை ஏற்றுக்கொண்டு வாழப் பழக்கும் பேச்சு சிகிச்சை, எண்ணத்தோடு மல்லுக்கட்டாது. வலி இருக்கட்டும், பேரனைத் தூக்க முடியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லலாமே என்று, உங்களுக்கு முக்கியமானதன் பக்கம் திருப்பும். பயத்தில் முடங்கியவருக்கு சிபிடி, வலியோடு சண்டை போட்டே களைத்தவருக்கு ஆக்ட் என்பேன். எதுவானாலும், நாள்பட்ட வலி உள்ளவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.