கண்டலா, அடுப்பா, சோலரா: காபன் கிரெடிட்டை எங்கள் ஊரில் வைத்துப் பார்த்தால்

"அண்ணா, கண்டல் நட்டா வெளிநாட்டில இருந்து காசு வருமாம், உண்மையோ?" மூதூர்ப் பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கமொன்றுக்குக் கணக்கெழுத உதவப் போன இடத்தில் ஒரு தம்பி இப்படிக் கேட்டான். அதற்கு முந்தின கிழமை யாரோ ஒரு கொம்பனிக்காரர் வந்து காபன் கிரெடிட் பற்றிக் கதைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் சில மாதங்கள் இருந்து படித்தேன். பொதுவாகப் படித்தவரைக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, திருகோணமலையில் நடக்கக்கூடிய மூன்று திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கத் தொடங்கியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இரண்டு வேறு சாமான்களுக்குக் காபன் சந்தை என்று ஒரே பெயர். ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் தொடங்கியது ஒன்று. மின் நிலையம், சீமெந்து, இரும்புத் தொழிற்சாலை எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் வெளியேற்றலாம் என்று ஒரு எல்லை போட்டு, அதற்குள் அனுமதிச் சீட்டு விடுகிறார்கள், ஒரு சீட்டு ஒரு தொன் காபனீரொட்சைட்டு. மிச்சம் பிடித்தவர் விற்கலாம், போதாதவர் வாங்க வேண்டும், எல்லை வருடாவருடம் இறங்கும். 2023 பெப்ரவரியில் அந்தச் சீட்டு 100 யூரோவைத் தாண்டியது. மற்றது ஈடுசெய்தல். ஒரு கொம்பனி தான் வெளியேற்றியதற்கு ஈடாக, வேறெங்கோ குறைக்கப்பட்ட ஒரு தொன்னைத் தானாக விரும்பி வாங்குவது. அப்படி விற்கப்படும் ஒரு தொன்தான் ஒரு கிரெடிட். எங்கள் சங்கத்துக்கு வந்தது இந்த இரண்டாவது சாமான். இங்கே விற்கப்படுவது ஒரு வித்தியாசம்: திட்டம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்ற ஊகத்துக்கும், உண்மையில் நடந்ததற்கும் இடையிலான வித்தியாசம். ஊகம் பிழைத்தால் கிரெடிட்டும் பிழை.

சோலரை முதலில் எடுக்கிறேன், அது கெதியாக முடிந்துவிடும். சம்பூரில் வரவிருந்த நிலக்கரி மின் நிலையம் 2016 இல் கைவிடப்பட்டு, இப்போது அங்கே சூரிய மின் திட்டம் என்று வந்திருக்கிறது. மீற்றர் இருக்கிறது, எத்தனை யூனிட் என்பதில் சந்தேகமே இல்லை, காபன் கிரெடிட்டுக்கு இதைவிடத் திறமான சாமான் உண்டா என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கேட்க வேண்டியது, கிரெடிட் காசு வராவிட்டாலும் இப்படியொரு திட்டம் கட்டப்படுமா என்பது. சோலர் விலை இவ்வளவு இறங்கிய பிறகு பெரும்பாலும் கட்டப்படும். அதனால்தான், கிரெடிட்டுகளைப் பதிவு செய்யும் பெரிய அமைப்பான வெர்ரா, 2020 முதல், உலகின் மிக வறிய நாடுகள் பட்டியலுக்கு வெளியே இப்படிப்பட்ட பெரிய திட்டங்களைப் புதிதாக ஏற்பதில்லை. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. சோலர் போடுங்கள், கிரெடிட்டை நம்பிப் போடாதீர்கள்.

அடுப்பு வேறு மாதிரி. அனாகி போன்ற விறகு குறைவாகக் குடிக்கும் மண் அடுப்பைக் கொடுத்து, மிச்சமான விறகைத் தொன்னாக்கி விற்பது. கொடுப்பது லேசு, கணக்குத்தான் சிக்கல். எங்கள் வீட்டையே எடுத்துப் பார்த்தேன். தேநீருக்குக் காஸ், சோறு வடிக்கவும் பிட்டு அவிக்கவும் விறகு, 2022 இல் காஸ் கிடைக்காத மாதங்களில் முற்றத்தில் மூன்று கல் வைத்து எல்லாமே விறகு. இந்த வீட்டுக்கு எந்த வருடத்தை வழமை என்று எழுதுவது? 2022 ஐ எழுதினால் மிச்சம் பெரிதாகத் தெரியும், 2019 ஐ எழுதினால் சுருங்கிவிடும், அடுப்பு ஒன்றுதான். 2024 இல் வந்த ஓர் ஆய்வு, தான் பார்த்த அடுப்புத் திட்டங்கள் உண்மையில் குறைத்ததைப் போல ஏறக்குறைய 9 மடங்கு கிரெடிட் எடுத்திருப்பதாகச் சொன்னது. ஆனாலும் அம்மாவின் கண்ணெரிச்சல் குறைவது உண்மை. அதற்காகவே அடுப்பு கொடுக்கலாம், யாரோ ஒருவரின் விமானப் பயணத்தை அதில் கழிக்க வேண்டியதில்லை.

கண்டல்தான் எங்களுடைய சாமான். மகாவலி வந்து கலக்கிற கொட்டியாரக்குடாவைச் சுற்றி, உப்பாறு, கிண்ணியா என்று கண்டலைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதன் காபனில் பெரும் பங்கு மரத்தில் இல்லை, வேருக்குக் கீழே காற்றுப் புகாத கருஞ்சேற்றில், உக்காமல் கிடக்கிறது. ஒரு ஹெக்டேயருக்கு மேட்டு நிலக் காட்டைவிடப் பல மடங்கு. கென்யாவின் காசி குடாவில் மிக்கோகோ பமோஜா என்ற ஊர்த் திட்டம் 2013 முதல் 117 ஹெக்டேயர் கண்டலைக் காத்து வருடத்துக்குச் சுமார் 3000 தொன் விற்கிறது, அந்தக் காசில் குடிநீரும் பள்ளிக்கூட வேலைகளும் நடந்திருக்கின்றன. ஒரு தொன் 10 டொலர், டொலர் 300 ரூபாய் என்று பிடித்தால் 90 இலட்சம். அளவீடு, சரிபார்ப்பு, பதிவு எல்லாம் கழிய வேண்டும். நல்ல காசுதான், ஆனால் சங்கத்தில் சொல்லப்பட்ட கோடிகள் இதில் இல்லை.

நடுவது இன்னொரு கதை. கண்டல் நாற்று முருங்கைக்காய் போல மரத்திலேயே தொங்கும், பிடுங்கிச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது, படமும் எடுக்கலாம். அதனால் எங்கே இடம் வெறுமையாக இருக்கிறதோ அங்கே குத்துகிறார்கள். எந்நேரமும் தண்ணீர் நிற்கிற அந்தத் திட்டில் கண்டல் முன்பு இருந்ததே இல்லை என்பதை யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த ஒரு திட்டில் ஆறு மாதம் கழித்து, குச்சியைச் சுற்றிச் சிப்பி பிடித்து, இலை ஒன்றும் இல்லாமல் வரிசையாக நின்றன. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்டவற்றை ஆராய்ந்து 2017 இல் வெளிவந்த கட்டுரை, 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை நட்டதில் 200 முதல் 220 வரைதான் தப்பியது என்கிறது. பிழையான இடம், பிழையான இனம், நட்ட பிறகு திரும்பிப் பார்க்காதது.

ஆகவே மூன்றில் எனக்குக் கண்டல்தான், ஆனால் நடுவது அல்ல, இருப்பதைக் காப்பதும் செத்த இடத்துக்குக் கடல் தண்ணீர் வந்து போக வழி விடுவதும். கையெழுத்துக்கு முன் வேறு இரண்டு விடயமும் பார்க்க வேண்டும். கண்டல் நிற்பது பெரும்பாலும் அரச காணி, எனவே கிரெடிட் யாருடையது என்று எழுத்தில் வர வேண்டும். மற்றது, பாரிஸ் உடன்படிக்கையின் 6 ஆம் உறுப்புரையின் கீழ் இன்னொரு நாட்டுக்கு விற்ற தொன்னை இலங்கை தன் கணக்கில் காட்ட முடியாது, ஒரே தொன்னை இரண்டு பேர் எண்ணக்கூடாது.

எங்கள் பக்கத்தில் ஒரு துண்டுக் கண்டல், வீதிக்கு மண் கொட்டியதில் மதகு அடைபட்டு, கடல் தண்ணீர் வந்து போகாமல் பட்டுப்போய் நிற்கிறது. அதற்கு ஒரு நாற்றும் வேண்டாம், மண் அள்ளுகிற ஒரு பெக்கோவும் சில நாள் வேலையும், வன இலாகாவின் அனுமதியும் போதும். தண்ணீர் ஓடினால் விதை தானாக வரும். கொம்பனிக்காரர் அடுத்த கூட்டத்துக்குத் திரும்ப வருகிறாராம். கதைக்கத் தொடங்க முதல் அவரை அந்த மதகடிக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று தம்பியும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.