பழனி மலைக்குக் குடும்பத்தோடு: வின்ச்சா, ரோப்காரா, யானைப் பாதையா?

பழனிக்குப் போவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு, மலைக்கு எதில் ஏறுவது என்பதுதான். அண்ணன் ரோப்கார் என்பார். அப்பா வின்ச் என்கிற இழுவை ரயிலைச் சொல்வார். பிள்ளைகளுக்கு இரண்டிலும் ஏறியாக வேண்டும். கடந்த அரையாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழங்கால் வலியுள்ள அம்மாவையும் வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். விடுமுறைக் கூட்டத்தோடு ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேர்ந்திருந்தது. அன்று எல்லோருமாக யானைப் பாதையில் நடந்தே ஏறினோம். கூட்ட நாளில் குடும்பத்தோடு போகிறவர்கள் யார் கேட்டாலும் இப்போது நான் அதைத்தான் சொல்கிறேன். மற்ற வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

படிப்பாதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாத விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினால் சுமார் 700 படிகள். காவடி எடுப்பவர்களும் இளவட்டங்களும் அரை மணி நேரத்தில் மேலே போய்விடுவார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு அடுத்தடுத்த செங்குத்துப் படிகள் ஒத்துவராது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவருக்கும் மூச்சு வாங்கும்.

ரோப்கார் 2004-இல் வந்தது. மேலே போக மூன்று நிமிடம் போதும். ஒரு பெட்டியில் நாலு பேர். ஒரு பக்கம் இடும்பன் மலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர், கீழே ஊரும் குளமும் வயலும் என்று கண்ணுக்கு நிறைவான பயணம். ஆனால் பெட்டி சின்னது, ஒரு நேரத்தில் ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் வரிசை மெதுவாகவே நகரும். மதியம் சிறிது நேரம் நிறுத்துவார்கள். காற்று பலமாக அடித்தால் காற்று அடங்கும்வரை ஓடாது. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு. அது போக, வருடாந்தரப் பராமரிப்பு என்று வாரக்கணக்கில் மூடியிருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே அன்று ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. நான் ரோப்காரில் போனது கூட்டமில்லாத வார நாளில் மட்டுமே. கூட்ட நாளில் அந்த வரிசையில் நின்ற அனுபவம் எனக்குக் கிடையாது, அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் அடித்துப் பேச மாட்டேன்.

வின்ச்சுக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை உண்டு. 1966-இல் தொடங்கிய இழுவை ரயில் அது. இன்று மூன்று தடங்களில் ஓடுகிறது. மேற்கு கிரிவீதியில் ஏறினால் எட்டு நிமிடத்தில் மேலே. ரோப்காரை விட ஒரு தடவைக்கு அதிகம் பேரை ஏற்றும், காற்றுக்கும் அவ்வளவாகப் பயப்பட வேண்டியதில்லை. மலைச்சரிவில் பெட்டி சாய்ந்தபடி ஏறும்போது பிள்ளைகள் கத்தும் கத்தல் இருக்கிறதே, அதற்காகவே ஒரு தடவை கூட்டிப் போகலாம். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, விடுமுறை இதெல்லாம் இல்லாத ஒரு சாதாரண நாள் என்றால் நானே வின்ச்சுக்குத்தான் போவேன்.

கூட்ட நாளில் கதை வேறு. வின்ச் ஏற்றிவிடும் எட்டு நிமிடத்தை எல்லோரும் சொல்வார்கள், அதற்கு முன்னால் வரிசையில் நிற்கிற நேரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். விடுமுறை நாளில் அங்கே இரண்டு மணி நேரம் நிற்பதெல்லாம் சாதாரணம். தனியாளாகப் போனால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். குடும்பமாகப் போகும்போது நிற்பதுதான் எல்லோரையும் சோர்வாக்குகிறது என்பது என் தீர்மானமான எண்ணம். அம்மாவுக்கு நாலடி நடந்தால் வலி தெரியாது, ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்றால் கால் மரத்துப்போய் முகமே மாறிவிடும். கம்பித் தடுப்புக்குள் உட்கார இடமில்லை. சின்னவனுக்கு அவசரம் என்றால் வரிசையை விட்டு வெளியே கூட்டிப் போக வேண்டும், திரும்பி வந்து நம்மவர்களோடு சேர வேண்டும் என்றால் முன்னால் நிற்கிறவர்களிடமெல்லாம் வழி கேட்க வேண்டும். பெரியவளுக்குப் பசி வந்துவிடும், பசி வந்தால் அழுகை வரும்.

அத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. வின்ச்சும் ரோப்காரும் நம்மை மலை உச்சியில் இறக்கிவிடும், அவ்வளவுதான். சந்நிதிக்குப் போக மேலே இன்னொரு வரிசை காத்திருக்கும். அது பொது வரிசையானாலும் கட்டண வரிசையானாலும் கூட்ட நாளில் நிற்காமல் முடியாது. கீழே நின்று களைத்தவர்கள் அங்கே மறுபடி நிற்க வேண்டும். தரிசனம் முடிந்து பஞ்சாமிர்தமும் வாங்கிக்கொண்டு திரும்பினால், இறங்குவதற்கு மூன்றாவது வரிசை. சாயங்காலம் ராஜ அலங்காரமும் தங்கரதமும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கக் கிளம்புவார்கள். நடந்து ஏறி நடந்து இறங்குகிறவருக்கு இந்த மூன்றில் ஒன்றே ஒன்றுதான், தரிசன வரிசை. தெம்பை அதற்கு மிச்சம் வைக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

அடுத்தது யானைப் பாதை. கோயில் யானை ஏறி இறங்குவதற்காக அமைந்த வழி அது. நேராக ஏறாமல் வளைந்து வளைந்து, சாய்தளமாகப் போகும். படி வருகிற இடங்களில்கூட ஒவ்வொன்றும் அகலமாக, உயரம் குறைவாக இருக்கும். முழங்காலை மடக்கித் தூக்க வேண்டிய சிரமம் அதனாலேயே பாதியாகக் குறைகிறது. தூரம் கூடுதல்தான், மறுக்கவில்லை. இளவட்டங்களை விட நாங்கள் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்த நேரத்தை எங்கே செலவழிப்பது என்பது எங்கள் கையில் இருந்தது. அம்மா திண்ணை கண்ட இடத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகள் முன்னால் ஓடிப்போய் நின்று எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள். காவடியோடு ஏறுகிறவர்கள் “அரோகரா” என்று குரல் கொடுத்தபோது இவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நடுவழியில் இடும்பன் சந்நிதியில் நின்று, இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்த கதையை அம்மா சொல்ல, அத்தனை நேரமும் கால் வலி என்று முனகியவன் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. முருகனைப் பார்க்கப் போகிற வழியே பிள்ளைகளுக்கு நினைவில் நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். கம்பித் தடுப்புக்குள் நின்றது அப்படி நிற்காது.

நேரம் முக்கியம். செருப்பைக் கீழேயே விட்டுவிடுவோம், பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறிய கல்லில் பிள்ளைகள் கால் வைக்க முடியாது. விடிகிற நேரத்தில் ஏறத் தொடங்கினால் சூடு தெரியாது, காலை 8 மணி சிறுகாலசந்தி பூஜை சமயத்தில் மேலே இருக்கலாம். அதற்கு முடியாவிட்டால் மூன்றரை, நாலு மணிக்குக் கிளம்பி, ஐந்தரை மணி சாயரட்சை பூஜைக்கு ராஜ அலங்காரத்தில் தரிசனம் செய்யலாம். ஆனால் அந்த நேரத்துக்குத்தான் மேலே கூட்டம் நெருக்கும். பிள்ளைகளோடு என்றால் காலைதான் என் விருப்பம். தண்ணீரைக் கீழிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் இருக்கின்றன, பழத்தையும் தின்பண்டத்தையும் பையை விட்டு வெளியே எடுக்க வேண்டாம்.

இதயநோய் உள்ளவர்கள், மூச்சுத்திணறல் உள்ளவர்கள், சமீபத்தில் மூட்டு அறுவை செய்துகொண்டவர்கள் நடந்து ஏறலாமா என்பதை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி யாரையும் கூட்டிப் போய்ப் பார்த்ததில்லை, என் அம்மா ஏறினார் என்பதை வைத்து உங்கள் அம்மாவும் ஏறுவார் என்று நான் சொல்ல முடியாது. நடக்கவே முடியாதவருக்கு வின்ச்தான் சரி. கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்து வையுங்கள்.

சிலர் பெரியவர்களை வின்ச்சில் அனுப்பிவிட்டு மற்றவர்கள் நடப்பது என்று பிரித்துக்கொள்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டு போகத் தடை இருக்கிறது. ‘எங்கே இருக்கிறீர்கள்’ என்று மேலே போய் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ள வழியே கிடையாது. இந்தப் பக்கம் இரண்டு மணி நேரம் வரிசையில் இருக்கிறவரும், அந்தப் பக்கம் ஏறி முடித்துக் காத்திருப்பவரும் ஒருவரையொருவர் தேடியே களைத்துப்போவார்கள். பிரிந்தே ஆக வேண்டும் என்றால், ராஜகோபுரத்துக்கு முன்னால் இன்ன இடம் என்று கீழேயே பேசி முடித்துவிட்டு, முதலில் போகிறவர் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது என்றும் சொல்லி அனுப்புங்கள்.

செல்போனை எந்தப் பக்கம் ஒப்படைத்தோமோ அந்தப் பக்கம் போய்த்தான் வாங்க வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. படிப்பாதை அடிவாரத்தில் கொடுத்துவிட்டு வின்ச்சில் இறங்கினால் மேற்கு கிரிவீதியிலிருந்து வெறுங்காலோடு மலையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். கிரிவீதியில் தனியார் வண்டிகள் வரக்கூடாது, கோயிலின் பேட்டரி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். செருப்புக்கும் அதே கதிதான். ஏறிய பக்கமே இறங்குவது என்று வைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் இல்லை.

இறங்கும்போது மட்டும் ஒரு கவனம். ஏறுவதை விட இறங்குவதில்தான் முழங்காலுக்குச் சுமை அதிகம். தைப்பூசம், பங்குனி உத்திரம் மாதிரிப் பெருங்கூட்ட நாட்களில் யானைப் பாதையில் ஏறி, படிப்பாதையில் இறங்கும்படி ஒருவழியாக மாற்றிவிடுவார்கள். அந்த நாட்களில் முழங்கால் வலிக்காரரைக் கூட்டிப் போவதானால் படிகளில்தான் இறங்க வேண்டியிருக்கும். மற்ற நாட்களில் யானைப் பாதையிலேயே திரும்பலாம், நாங்கள் அப்படித்தான் வந்தோம். அம்மா ஒரு கையால் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையைப் பேத்தி பிடித்துக்கொண்டாள். அடுத்தது தை கிருத்திகைக்குப் போக வேண்டும் என்கிறார் அம்மா. கிருத்திகை கழிந்து வருகிற வாரத்தில் ஒரு புதன்கிழமையாகப் பார்ப்போம் என்று நான் சொல்லியிருக்கிறேன்.