நயாசினமைட் சீரமும் அந்தப் பாழாய்ப்போன ஸ்டிக்கரும்

நான் வழக்கமாக வாங்குகிற வெள்ளவத்தைக் கடையில், முகத்துக் கறுப்பு அடையாளங்கள் மங்கப் பூசுகிற இந்த சீரத்தின் விலையை 4,850 ரூபாவிலிருந்து 3,400க்கு இறக்கிவிட்டார்கள். மச்சாள் அதைப் படம் பிடித்து அனுப்பி, "நீங்கள் பாவிக்கிறது இதுதானே? நல்லதோ, வாங்கலாமோ?" என்று கேட்டார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்க ஏலாத கேள்வி.

30 மில்லிலீட்டர் கண்ணாடிப் போத்தல், 10 வீத நயாசினமைட் (வைட்டமின் பி3இல் ஒரு வகை), நிறத்திட்டு மங்க 2 வீத அல்பா ஆர்பியூட்டின். இதெல்லாம் முன்பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. எனக்குச் சொல்ல இருப்பது பின்பக்கத்தைப் பற்றி.

இறக்குமதி செய்கிறவர் ஒட்டும் ஸ்டிக்கரைத்தான் சொல்கிறேன். பெயர், விலாசம், விலை, தொகுதி இலக்கம் எல்லாம் அச்சடித்த ஒரு வெள்ளைத் துண்டு. ஒட்டட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் பெட்டிக்கு நாலு பக்கம் இருக்க, ஒவ்வொரு தரமும் சேர்மானப் பட்டியலுக்கு மேலேயே கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். நகத்தால் சுரண்டினால் ஸ்டிக்கரோடு அட்டையின் மேல்தாளும் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டால் பசை இளகும், கூடவே அட்டையும் ஊறிப்போகும். ஹெயார் டிரையர் பிடித்தால் அழகாகக் கழன்று வரும்தான். கடைக்குள் நின்று யார் ஹெயார் டிரையர் பிடிக்கிறது? "மிஸ், பெட்டி திறக்க ஏலாது" என்று பக்கத்திலேயே நிற்கிற பிள்ளையைக் குறை சொல்லவும் மனம் வராது. கடைசியாக வாங்கிய பெட்டியில் எனக்கு வாசிக்கக் கிடைத்தது "வோட்டர், நயாசி" வரைக்கும்தான். அதுக்குப் பிறகு ஸ்டிக்கர். கீழ் ஓரத்தில் "கம்" என்று முடிகிற ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது.

ஒரு ஸ்டிக்கருக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். இந்த சீரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட இருக்கிற ஒரே வழி அந்தப் பொடி எழுத்துத்தான். கூடுதலாகச் சேர்த்ததை முதலிலும் குறைவாகச் சேர்த்ததைப் பிறகும் எழுத வேண்டும் என்பது பொதுவான விதி. ஒரு வீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த ஒழுங்கிலும் எழுதலாம். அந்த ஒரு வீதம் எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு கீறி வைத்திருக்க மாட்டார்கள். நான் தேடுவது ஃபீனொக்சிஎதனோலை. பழுதாகாமல் இருப்பதற்காகப் போடுவது, ஐரோப்பிய விதிப்படி ஒரு வீதத்துக்கு மேல் போக முடியாது. ஆகவே அதுக்குப் பின்னால் வருகிறது எதுவும் அநேகமாக ஒரு வீதத்துக்கும் குறைவு. முன்பக்கத்தில் குங்குமப்பூவும் அதிமதுரமும் முத்தும் பெரிதாகப் படம் போட்டிருக்கும். பின்னால் பார்த்தால் மூன்றும் ஃபீனொக்சிஎதனோலுக்குக் கீழே ஒண்டிக்கொண்டு நிற்கும். அந்தப் படத்துக்குத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம்.

கீழே நிற்பதெல்லாம் சும்மா என்றும் சொல்லக்கூடாது. ஃபெரூலிக் அமிலம் அரை வீதத்திலேயே வைட்டமின் சி-க்குத் துணையாக நின்று வேலை செய்யும். நிறத்திட்டு மங்கப் போடுகிற கோஜிக் அமிலத்தை முகத்துக்கு ஒரு வீதத்துக்கு மேல் ஐரோப்பாவில் அனுமதிப்பதே இல்லை, ஆகவே அதுவும் கீழேதான் நிற்கும். ஆனால் "2 வீத அல்பா ஆர்பியூட்டின்" என்று முன்னால் எழுதிவிட்டு, பின்னால் அது ஃபீனொக்சிஎதனோலுக்குப் பிறகு வந்தால், நம்பாதீர்கள். வெறும் "ஆர்பியூட்டின்" என்றிருந்தால் அதுவும் வேறு சரக்கு, அல்பாவை விடப் பலம் குறைந்தது. ஐரோப்பாவில் முகக் கிரீமில் அல்பாவுக்கு உச்ச வரம்பு 2 வீதம், சாதாரண ஆர்பியூட்டினுக்கு 7 வீதம். இரண்டும் ஒன்றல்ல என்பது அதிலிருந்தே விளங்கும். இதையெல்லாம் பார்க்க எனக்குப் பெட்டியின் பின்பக்கம் வேண்டும். அங்கேதான் அந்த மனிசர் தன் விலாசத்தை ஒட்டி வைத்திருக்கிறார்.

சரி, நியாயமும் பேசத்தான் வேண்டும். ஸ்டிக்கர் இருப்பதே ஒரு நல்ல அடையாளம். ஏதும் நடந்தால் கேட்க ஒரு விலாசம் இருக்கிறது. பயணப் பெட்டியில் வந்து சேர்கிற, ஸ்டிக்கரும் இல்லாத, சேர்மானப் பட்டியலும் இல்லாத "ஏழு நாளில் வெள்ளை" கிரீம்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அப்படியான கிரீம்களில் பாதரசம் இருப்பது உலகம் முழுக்கப் பிடிபட்ட விஷயம். பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை முதலில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்ததும், பிறகு 2025உடன் பாதரசம் சேர்த்த கிரீமே கூடாது என்று முடிவெடுத்ததும் இவற்றுக்காகத்தான். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இன்னும் சிலவற்றில் ஸ்டெரொயிட் கலந்திருக்கும், முதல் மாதம் முகம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து இரத்த நாளம் தெரியத் தொடங்கும். இவற்றோடு பார்த்தால் என் ஸ்டிக்கர்காரர் உத்தமர். ஆனாலும் வேறு பக்கத்தில் ஒட்டியிருக்கலாம்.

இனி சீரத்துக்கு வருவோம். தோலின் நிறமணியை (மெலனினை) செய்ய டைரோசினேஸ் என்ற நொதியம் வேண்டும். ஆர்பியூட்டின், கோஜிக், வைட்டமின் சி எல்லாம் அந்த இடத்தில் கை வைக்கின்றன. நயாசினமைட் சமையலைத் தடுக்காது, பரிமாறுகிறதைத் தடுக்கும்: செய்து முடித்த நிறமணி மேல்தோலின் கலங்களுக்குப் போய்ச் சேருவதைக் குறைக்கிறது. இரண்டையும் ஒரே போத்தலில் போட்டது நல்ல யோசனை. 10 வீதம் தேவையா என்பதுதான் சந்தேகம். நயாசினமைட் பற்றிய ஆய்வுகள் அநேகமாக 2 முதல் 5 வீதத்தில் செய்தவை. 10 என்பது போட்டிக்கு ஏறிய இலக்கம், சிலருக்கு முகம் சிவந்து எரியவும் செய்யும். எனக்கு எரியவில்லை. தாடையோரம் பரு வந்து போன கறுப்பு அடையாளங்கள் மெல்ல மெல்ல மங்கி, இப்போது தேடினால்தான் தெரிகிறது. மூக்கில் எண்ணெய் வடிவதும் குறைந்தது, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் நிறம் அதே நிறம்தான். கோயிலில் கண்ட மாமி ஒருவர் "வெளிச்சிட்டீர் பிள்ளை" என்றார், அது புது லைட்டின் வேலை.

இதுக்கு முதல் பாவித்தது 15 வீத வைட்டமின் சி. உண்மையைச் சொன்னால் அதுதான் விரைவாக வேலை செய்தது. ஆனால் கொழும்பில் அதை வைத்துக் காப்பாற்றுவது ஒரு தனி வேலை. எல்-அஸ்கோர்பிக் அமிலம், அதாவது அசல் வைட்டமின் சி, தோலுக்குள் போக அதன் pH அளவு 3.5க்குக் கீழே, நல்ல புளிப்பாக, இருக்க வேண்டும், அதனாலேயே பூசும்போது சுள்ளென்று கடிக்கும். காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் அதுக்கு எதிரி. வருடம் முழுக்க முப்பது பாகையில் நிற்கிற ஊரில், பிரிட்ஜில் வைத்தும், தண்ணீராக இருந்தது மஞ்சளாகி, பிறகு பிளேன்ரீ நிறத்துக்கு வந்துவிடும். பழுதான வைட்டமின் சியிலிருந்து வருகிற எரித்ருலோஸ் என்ற சீனி தோலிலேயே நிறம் ஏற்றும். வெயிலில் நிற்காமல் கறுப்பேற்ற வெள்ளைக்காரர் பூசுகிற கிரீமிலும் இதைப் போடுவார்கள். கறுப்பு அடையாளம் போகப் பூசி, விரல் நுனியில் செம்மஞ்சள் வாங்கின கதை. எத்தில் அஸ்கோர்பிக் அமிலம், அஸ்கோர்பில் குளுக்கோசைட் என்று எழுதியிருந்தால் அவை வைட்டமின் சியின் வேறு வடிவங்கள், கெதியில் பழுதாகாது, ஆனால் அதே பலத்தை எதிர்பார்க்க வேண்டாம். நயாசினமைட் போத்தல் குளியலறைத் தட்டில் கிடந்தாலும் கடைசிச் சொட்டு வரை கண்ணாடி மாதிரியே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பூசினால் ஒன்றை ஒன்று வெட்டும் என்பது பழைய கதை, பயப்பட வேண்டாம்.

மச்சாளுக்கு இருப்பது கன்னத்து மங்கு. அது வேறு விஷயம். அங்கே ட்ரனெக்சாமிக் அமிலம் பொருத்தம் என்பது என் எண்ணம். பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கும், மாதவிடாயில் இரத்தப்போக்குக் கூடினால் டொக்டர் எழுதுகிற அதே மருந்து. ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் கணவர் ஷோசுகேயும் இரத்தப்போக்கை நிறுத்தத்தான் 1962இல் அதை வெளிக்கொண்டு வந்தார்கள். மங்கு வெளிப்பது பிறகு கண்ட பக்கப் பலன். சீரத்தில் 2 முதல் 5 வீதம் வரை வருகிறது. மங்குக்கென்று மாத்திரையாக விழுங்குவதென்றால் டொக்டரைக் கேட்காமல் வேண்டாம், நாளத்துக்குள் இரத்தம் உறைந்து கட்டுகிற ஆபத்து இருக்கிறது.

சன் கிரீம் போடாமல் இதில் எதை வாங்கினாலும் காசு கடலில். பின்னேரம் கோட்டையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வலப்பக்க யன்னலோரம் இருந்து வருகிறவருக்கு காலி வீதி முழுக்கக் கடல் பக்கத்து வெயில் கன்னத்தில்தான். யன்னல் கண்ணாடி வெயிலில் உள்ள யூ.வி.ஏ. கதிரை முழுதாக மறிக்காது. மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே கூடாது, அதுக்கு அயர்ன் ஒக்சைட் கலந்த, தோல் நிறச் சன் கிரீம்தான் உதவும். மச்சாள் சன் கிரீம் பிசுபிசுக்குது என்று தொடவே மாட்டார்.

ஆகவே, மச்சாள், வாங்க வேண்டாம். சீரத்தில் பிழை இல்லை, இவ்வளவு நேரமும் புகழ்ந்தேன்தானே. விலை இறக்கினதே காலாவதித் திகதி கிட்டினதால்தான் என்று நினைக்கிறேன், அந்தத் திகதியும் ஸ்டிக்கருக்குக் கீழேதான் இருக்கும். பட்டியலை மறைக்கிற ஆளுக்கு இனி ஒரு சதமும் கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் 3,400 என்பது நல்ல விலை. கடைப் பக்கம் போனால் எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள், பெட்டியின் அடியிலும் திகதி இருக்கும், அதைப் பார்த்து எடுங்கள்.