ரோட்டவேட்டரை அனுப்ப: ரிட்டர்ன் லாரியா, பார்சல் சர்வீஸா?

டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் பழைய ரோட்டவேட்டர் ஒன்றை வெளியூரில் வாங்கியபோது எல்லா வழிகளையும் விசாரித்துவிட்டு, சரக்கை இறக்கிவிட்டு ஊர் திரும்பும் ரிட்டர்ன் லாரியில்தான் ஏற்றினேன். அடுத்த முறையும் அதைத்தான் தேடுவேன்.

கூரியர், பெட்டிக்குள் அடங்கும் பேரிங், சீல் வகையறாவுக்குச் சரி. பெரிய தகட்டுச் சாமானுக்கு ஆகாது. நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது கன எடை. அதுவும் நிஜ எடையும் எது கூடுதலோ அதற்குத்தான் பல கூரியர்களில் பில். 120×60×60 பெட்டியில் போகும் டிராக்டர் பானெட்டை ஒரே ஆள் தூக்கிவிடலாம்; பில்லிலோ 86 கிலோ.

பார்சல் சர்வீஸில் முழு லாரிக்கும் தர வேண்டாம், நம் சரக்கின் எடைக்கோ அடைக்கும் இடத்துக்கோ மட்டும் வாடகை. ஆனால் சரக்கு வழியில் கிடங்கு மாறும், ஒவ்வொரு இடத்திலும் இறக்கி ஏற்றுவார்கள். மேலே எதையும் அடுக்க முடியாத உருப்படி என்றால் வாடகையும் கூடும்.

ரிட்டர்ன் லாரி எப்படியும் திரும்பியாக வேண்டிய வண்டி. காலியாகப் போவதற்கு டீசல் காசாவது வரட்டும் என்று ஓனர் இறங்கி வருவார். நாள் மட்டும் நம் கையில் இல்லை. அவசரமென்றால் இதை மறந்துவிடுங்கள்.

கணக்கைப் புரட்டிப்போடுவது இறக்குவதுதான். ஆறடி ரோட்டவேட்டர் சுமார் 400, 500 கிலோ வரும். டிராக்டரின் பின்பக்க லிப்ட் பெரும்பாலும் லாரித் தளத்தின் உயரத்துக்கு எட்டாது. முன்பக்க லோடரோ ஜேசிபியோ வேண்டும், இல்லையென்றால் லாரியைப் பின்னால் விட்டு அணைக்க ஒரு மண்மேடு வேண்டும். வண்டி வந்த பிறகு ஜேசிபி தேடினால் லாரி காத்திருப்பதற்கான ஹால்டிங் சார்ஜ் ஏறி, மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அதனால் இறக்க ஆள் உறுதியான பிறகே வண்டி பேசுங்கள். தூக்கும் பெல்ட்டை ரோட்டவேட்டரின் சட்டத்தில் மாட்டித் தூக்கச் சொல்லுங்கள், கத்திகள் பூட்டிய ரோட்டார் ஷாஃப்டில் வேண்டாம். டிராக்டரின் சுழல்விசையை ரோட்டவேட்டருக்குக் கொண்டுவரும் பிடிஓ ஷாஃப்டைக் கழற்றித் தனியாகக் கட்டிவிடுங்கள்.

சேதமானால் இழப்பீடு எப்படிக் கிடைக்கும் என்று அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எனக்கு அந்த நிலை வரவில்லை. ஏற்றும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்தேன், அவ்வளவுதான்.

கியர்பாக்ஸ் மட்டும் என்றால் நானும் பார்சல் சர்வீஸுக்குத்தான் போவேன். எண்ணெயை வடித்து, பேலட்டில் (சரக்கு வைக்கும் பலகைத் தட்டு) போல்ட் போட்டு இறுக்கி அனுப்பலாம். டோர் டெலிவரி கேட்காமல் கிடங்கிலேயே போய் எடுத்துக்கொண்டால் வாடகை இன்னும் குறையும்.